என் புத்தகத்தில் வந்து சேர்ந்த மச்சினன்

நான் பயப்படுகிற விஷயங்களைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். மகள் பஸ் ஏறினால் அவள் இறங்கிப் போன் பண்ணுகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. கரண்ட் கம்பி, தெருநாய், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, ரேஷன் கார்டில் தப்பாக விழுந்த இனிஷியல், எல்லாவற்றுக்கும் பயம். ஆனால் பேய், பிசாசு, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் எழுந்து போய்விடுவேன், இருக்கிற கவலைக்கே நேரம் போதவில்லை, இதில் இல்லாததற்கு வேறு எங்கே போவது. இன்றைக்கும் எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கடலுக்குள் இறங்கி இறங்கி இந்த ஆள் மூளையில் காற்று அடைத்துவிட்டது என்று பாதியில் உங்களுக்குத் தோன்றினால், அதை நான் உங்களுக்கு முன்னாலேயே யோசித்துவிட்டேன், டாக்டரிடம் போய்க் காட்டியும் விட்டேன், தலை நன்றாகத்தான் இருக்கிறதாம்.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கயிறு, மிதவை, தூண்டில் முள் விற்கிற சின்னக் கடை என்னுடையது. பெயர் லூர்து. கடை வைப்பதற்கு முன்னால் சங்கு குளித்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி.

வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து காற்று வருகிற ஓஸ் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்கவேண்டும், இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை மேலே ஒருத்தர் கையில். ஒருநாள் பாறை இடுக்கில் யாரோ விட்டுப்போன அறுந்த வலையில் என் கால் மாட்டிக்கொண்டது. உதறிய உதறலில் ஓஸ் எங்கேயோ மடங்கிக் காற்று நின்றுபோனது. அன்றைக்கு மேலே கயிறு பிடித்திருந்தவர் காதர் காக்கா. அவர் என்னைவிட மூத்தவர், முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கயிறு துடித்த மாதிரி இருந்ததாம் அவருக்கு, அவ்வளவுதான், வலையோடு சேர்த்து என்னை இழுத்து மேலே போட்டுவிட்டார். கயிறு அறுத்து அவர் உள்ளங்கை இரண்டும் பிளந்துவிட்டது. தழும்பு குறுக்கே கோடு போட்ட மாதிரி அப்படியே நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கல்யாணம், மகள், கடை, எல்லாம். காதர் காக்காவுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். வயதாகி, நெஞ்சுச் சளியோடு, மகன் பீர் வீட்டில் வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. பீர் மொபைல் கடை வைத்திருக்கிறான். "வாப்பா கடல்ல போயி என்னத்தக் கிழிச்சாரு" என்று என் முன்னாலேயே சொல்கிறான். எனக்கு அதைக் கேட்கக் கேட்க வயிறு எரியும். அதனால்தான் புத்தகம் என்று ஒன்றை ஆரம்பித்தேன், என் பெருமையைச் சொல்ல இல்லை. அச்சில் வந்தால் பீர் நம்புவான், அவன் பிள்ளைகளும் படிப்பார்கள். இந்த மனிதர் ஒரு உயிரை இழுத்துக் கரை சேர்த்தார் என்று ஒரு பக்கம் இருந்தால் போதும்.

காதர் காக்காவிடம் சொன்னபோது "சும்மா கெட லே" என்றார். ஆனால் மறுநாளே தெருவில் போகிற வருகிற ஆட்களிடம், "லூர்து புஸ்தகம் போடுதான், நம்ம பேரும் அதுல வருது" என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

நான் எழுதினால் விளங்காது. மகள்தான் ஒருத்தரைப் பிடித்துத் தந்தாள். நாம் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார், பெயர் மட்டும் நம்முடையது வரும், கோஸ்ட் ரைட்டர் என்பார்களாம். கோஸ்ட் என்றால் பேய்தானே என்று கதையை முடித்துவிடாதீர்கள். ஜெபராஜ் சார் நாசரேத்துக்காரர், வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மோட்டார் சைக்கிளில் வருவார், வடை தின்பார், முதுகுவலி என்று தைலம் பூசுவார். பேய்க்கு முதுகுவலி வராது என்றுதான் நினைக்கிறேன்.

மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் வந்து, போனில் ரெக்கார்டிங்கை அமுக்கி வைத்துவிட்டு என்னைப் பேசச் சொல்வார். அதெல்லாம் சரி. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது, அதில்தான் எனக்கு முதலில் எரிச்சல் பிடித்தது. என் கதையை அவர் கதை மாதிரியே பேசுவார்.

"நம்ம கல்யாணத்துல மழை பெஞ்சிதுல்லா அண்ணாச்சி?"

"என் கல்யாணம் சார்."

"ஆமா, அதான். நம்ம மாமனார் அப்ப உயிரோட இருந்தாருல்லா?"

என் மனைவி ரெஜினா உள்ளே இருந்து கேட்டுவிட்டு, "அந்த ஆளு இன்னும் ரெண்டு வாரம் வந்தா எனக்குத் தாலி கட்டுனது நாந்தாம்பாரு, பாத்துக்கிடுங்க" என்றாள்.

ஒருவழியாக முதல் கட்டாகக் கொஞ்சம் தாளைக் கொண்டுவந்து தந்தார். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள், ரெஜினாவை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். கடலில் மாட்டிக்கொண்ட இடம் வந்தது. அவள் வாசித்தாள்: "மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் என் மச்சினன் சூசை. அக்காள் தாலியல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெஜினா தாளைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வீட்டுக்கு அவள் ஒரே பிள்ளை. அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது.

"எனக்கு ஒரு தம்பி இருந்திருந்தா, உங்களப் போயிக் கெட்டிக்கிட விட்டிருப்பானா? அடிச்சி வெரட்டியிருப்பான்."

போதாக்குறைக்கு அந்தக் கயிறு விஷயம் நடந்தது எங்கள் கல்யாணத்துக்கு முன்னால். கல்யாணமே ஆகாதவனுக்கு மச்சினன் எங்கே இருந்து வருவான்? இது எப்படி நுழைந்தது என்று எனக்குத் தெரியும். முத்துக் குளித்த காலத்தில் குளிக்கிறவனுக்குப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான், கை நழுவினால் தாலி அறுப்பது அவன் அக்காள், அதனால் விடமாட்டான், அதுதான் வழக்கம். எங்கள் கரையைப் பற்றி எழுத வருகிற எல்லாரும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். என் காலத்தில் அதெல்லாம் போய்விட்டது, எவன் கை நல்ல கையோ அவன் பிடிப்பான். ஜெபராஜ் சார் எங்கேயோ படித்ததை ருசிக்காகச் சேர்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போன் போட்டேன்.

"சார், காதர எங்க சார்? மச்சினன் சூசைன்னு எழுதியிருக்கிய."

"நீங்க சொன்னதத்தான அண்ணாச்சி எழுதியிருக்கேன்."

"நான் எப்ப சொன்னேன்?"

மறுநாள் நேரிலேயே வந்து போனைத் திறந்து காட்டினார். என் குரல்தான். நடுவில் ஒரு ஆள் வந்து தூண்டில் நரம்பு கேட்கிறான், உருட்டு பெரிசா சின்னதா என்று நான் கேட்கிறேன், அந்த ஆள் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல் என் குரல், கொஞ்சமும் தடுமாறாமல், "மேல எம் மச்சினன் சூசைதான் கயிறு புடிச்சிக்கிட்டு நின்னான்" என்கிறது. திரும்பப் போடச் சொன்னேன். திரும்பவும் அதுதான்.

சார் பாவம் பார்க்கிற மாதிரி பார்த்தார். "வயசாச்சின்னா ஒண்ணு ரெண்டு மாறத்தான் செய்யும் அண்ணாச்சி. கல்யாண வருசத்தையும் சரி பண்ணி எழுதிருதேன், வருத்தப்படாதீங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்கவேண்டும், வடை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

காதர் என்று மாற்றித்தான் தரவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அடுத்த கட்டுத் தாள் வந்தது. அதில் சூசைக்கு மீசை முளைத்திருந்தது. வெற்றிலை போடுவான், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான், பிறகு ஒரு தோணியில் சரக்கோடு மாலத்தீவுக்குப் போனான், தோணியும் வரவில்லை அவனும் வரவில்லை. காதர் என்கிற பெயர் ஒரு இடத்தில்தான் இருந்தது, டீசல் ஊற்றுகிற ஆளாக.

புத்தகம் எழுதக் கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்கிறேன், கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் பார்த்து வாங்குங்கள். என்னைப் போல, பெரிய மனிதர், படித்தவர், எப்படி எதிர்த்துப் பேசுவது என்று தயங்கினால் உங்கள் வீட்டில் இல்லாத ஆள் உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வான்.

இதுவரைக்கும் ஒரு எழுத்தாளர் பண்ணிய குளறுபடி என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அந்தத் தாள்கள் என் வீட்டு அலமாரியைத் தாண்டவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

என் கடைக்கு எதிரே உடன்குடிக்காரர் ஒருத்தர் காப்பிக்கடை வைத்திருக்கிறார், செல்வம் அண்ணாச்சி. ஒருநாள் காலையில் கருப்பட்டிக் காப்பி வாங்கப் போனேன். அவர் ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நேத்து ஏனோ உங்க மச்சினன் நெனப்பு வந்துச்சி லூர்து. தோணி ஏறுன அன்னிக்கு எங்கிட்டதான் காப்பி குடிச்சிட்டுப் போனான்."

"எந்த மச்சினன் அண்ணாச்சி?"

"உங்களுக்கு எத்தன மச்சினன்? சூசைதான். அந்தக் கால இழுத்துக்கிட்டு வருவான்லா."

காப்பி கையில் சிந்தியதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஜெபராஜ் சார் இவரிடம் பேசியிருப்பார், அவ்வளவுதான், என்று நினைத்துக் கேட்டால், அந்தச் சாரோடு அவர் ஒரு வார்த்தை பேசினதே இல்லை என்கிறார். பிறகு வலை பின்னுகிற இடத்தில் ஒருத்தர், ஐஸ் உடைக்கிற இடத்தில் ஒருத்தர். எல்லாரும் நல்லவிதமாகவே பேசுகிறார்கள், அதுதான் கொடுமை. "நல்ல பய" என்கிறார்கள். நான் இல்லை என்று சொன்னால், துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டுகிறார்கள்.

ரெஜினாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தால் அவள் இப்போது சிரிப்பதில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அதற்குள் கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம், என் அப்பா அம்மாவுக்கும் அவள் அப்பா அம்மாவுக்கும் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவார்கள். ரெஜினா பையில் இருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அங்கே போய் முழங்கால் போட்டாள்.

பக்கத்தில் போய்க் குனிந்து, "ஏளா, இது யாருக்கு?" என்றேன்.

"எந் தம்பிக்கு."

"உனக்கு ஏதுளா தம்பி?"

அவள் அழுத கண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள். "உங்க உசுர இழுத்துப் போட்டவன். அவனப் போயி இல்லைங்கிய. இங்கன வந்துமா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் அந்த மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துவிடாமல் கையை மறைத்துக்கொண்டு நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. நேராகக் காதர் காக்கா வீட்டுக்குப் போனேன். உலகமே மாறிப் பேசினாலும் அவர் ஒருத்தர் போதும் எனக்கு. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"காக்கா, அன்னிக்கு என்னய மேல இழுத்தது யாரு, சொல்லுங்க."

"என்னல காலையிலயே. ஒம் மச்சினன்தான்."

"நீங்கல்லா காக்கா இழுத்திய. புஸ்தகத்துல உங்க பேரு வரும்னு தெரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியளே."

"நானா?" அவர் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. "நான் டீசல் ஊத்துனேன், பலகையக் கழுவுனேன். சூசை கயிறு புடிக்கும்போது எனக்கு அங்கன என்ன சோலி?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவர் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பினேன். வேலை செய்த கை, காய்ப்பு ஏறிக் கிடந்தது. குறுக்கே ஓடின அந்தக் கோடு இல்லை. வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். அவர் கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். உள்ளே இருந்து பீர் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, வாப்பாவுக்கு ஜோசியம் பாக்கியளா, இனிமே என்ன யோகம் வரப்போவுது" என்றான். காதர் காக்காவும் அவனோடு சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அங்கிருந்து பஸ் பிடித்து நாசரேத்துக்குப் போனேன். ஜெபராஜ் சார் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார், ஆள் மெலிந்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நீங்க சண்டைக்குத்தான் வந்திருப்பீங்க. நானும் காதர்னுதான் அடிக்கேன். பலதடவ மாத்திட்டேன். காலைல தெறந்தா சூசைன்னு நிக்குது. முதல்ல உங்களத்தான் சந்தேகப்பட்டேன், அப்புறம் எம் பொஞ்சாதியச் சந்தேகப்பட்டேன். இப்ப என்னயவே சந்தேகமா இருக்கு."

"அழிச்சிருங்க சார். புஸ்தகமே வேண்டாம்."

"பூராவுமா?"

"பூராவும். அந்த ரெக்கார்டிங்கையும்."

"சபை விழா மலர் எத்தன எழுதியிருக்கேன், இப்படி ஒரு பாடு பட்டதில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே என் கண் முன்னால் ஒவ்வொன்றாக அழித்தார். என்னிடம் இருந்த தாள்களை அவர் வீட்டுப் பின்புறம் போட்டு எரித்தோம். வாத்தியாரும் நானும் குச்சியால் கிளறிக் கிளறி எரித்ததை யாராவது பார்த்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும்தான் பேய் என்று நினைத்திருப்பார்கள்.

அதோடு சூசை போய்விட்டான். நம்பினால் நம்புங்கள், மறுநாள் செல்வம் அண்ணாச்சியிடம் நானாகவே "எம் மச்சினன்" என்று ஆரம்பித்தேன், "யாரு, உங்களுக்கு ஏது மச்சினன்" என்றார். ரெஜினாவிடம் கேட்கப் பயமாக இருந்தது, சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஒத்தப் பிள்ளைன்னுதான உங்க அம்மா என்னய அந்தக் குத்து குத்துனாவ, அதுக்குள்ள மறந்திட்டியளா" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு காதர் காக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"காக்கா, என்னய இழுத்தது யாரு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

"யாரும் இழுத்த மாதிரி நெனப்பில்லையேல. நீயாத்தான் ஏறி வந்திருப்ப."

"அப்ப கயிறு?"

"அத எங்கயாச்சும் கெட்டிப் போட்டிருப்ப. எனக்கு என்ன தெரியும், நான் டீசல் ஊத்துற ஆளு."

கையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதனால்தான் இதை நானே எழுதுகிறேன், யாரையும் வைத்து எழுதவில்லை, எழுத்துப் பிழையை மட்டும் மகள் திருத்தினாள். காதர் காக்கா என்பவர்தான் என்னை இழுத்தார். பீருக்கும் அவன் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், உங்கள் வாப்பாதான் இழுத்தார், அவரே இல்லை என்று சொன்னாலும் அவர்தான். இதை அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாளை இப்போது நான் நினைத்துப் பார்த்தால், காதர் காக்கா என்று வாய்தான் சொல்கிறது, கண்ணுக்கு அவர் தெரிவதில்லை. தண்ணீரில் இருந்து தலையைத் தூக்குகிறேன், வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறி உள்ளே விழுகிறேன். வள்ளம் காலி. கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் இடுப்பில் இருந்து போகிற கயிறு, மேலே இழுத்த நீளம் பூராவும் ஒழுங்காக வட்டம் வட்டமாகச் சுருட்டி வைத்திருக்கிறது, இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. நான் கீழே மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்த நேரத்தில் அதை அப்படி அழகாகச் சுருட்டியது யார் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.